மொட்டைப் பந்து

காலைக் கொஞ்சம் ஒடுக்கிக்கிடுங்க தம்பி, கண்ணாடி போட்ட போட்டோ. ரோடு இருக்கிற லட்சணத்துக்கு டிரைவர் ஒரு பள்ளத்துல இறக்குனான்னா சில்லுசில்லாப் போயிரும். இந்தா, இப்படிச் சாத்தி வச்சுக்கிடுவோம். சாமி படமா? இல்ல இல்ல, மனுசன் படந்தான். யாருன்னு சொல்றேன், அதுக்குள்ள என்ன அவசரம். நீங்க திருநெல்வேலி வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் கயத்தாறுல இறங்கிருவேன். அதுவரைக்கும் பேச்சுத்துணை.

எந்த ஊரு உங்களுக்கு? திண்டுக்கல்லா. எங்க ஊரு ஆலைப்பட்டி, சாத்தூருக்கு மேக்க. வந்திருக்கீங்களா? சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா அங்க? இல்லையா? அப்ப உங்ககிட்டப் பேசலாம். தெரிஞ்ச ஆளுகிட்ட வாயைத் தொறக்க முடியலை தம்பி இந்தக் காலத்துல.

என்னை ஊர்ல கேப்டன்னுதான் சொல்லுவாங்க. தவசிலிங்கம்னு கேட்டா தபால்காரருக்கே தெரியாது. மிலிட்டரி கேப்டன் இல்ல, பூப்பந்து. என்ன முழிக்கிறீங்க, பூப்பந்து தெரியாதா? உங்க வயசுக்காரங்களுக்குக் கிரிக்கெட்டை விட்டா வேற என்ன தெரியுது. இந்தப் பக்கம் அஞ்சு பேரு, அந்தப் பக்கம் அஞ்சு பேரு, நடுவுல வலை. மஞ்சக் கம்பளி நூலைச் சுத்திப் பண்ணுன பந்து, எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெருசு. மர மட்டை. வெட்டவெளியில மண் தரையில ஆடுற ஆட்டம். சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதுனா சனம் வீட்டுக்குப் போகாது, நேரா மைதானத்துக்கு வந்துரும். அந்த ஆலை டீமுக்குப் பதினொரு வருஷம் நான் கேப்டன். இந்த மணிக்கட்டைப் பாருங்க. எழுபத்தஞ்சு வயசு. தொட்டுப் பாருங்க, சும்மா பாருங்க.

ஆலைக்கு அப்ப ஒரு மேனேஜர் இருந்தாரு. அமெரிக்காவெல்லாம் போயிட்டு வந்தவரு. அங்க பேஸ்பால்னு ஒரு ஆட்டமாம். அதுல பெரிய பெரிய ஆட்டக்காரங்களுக்குன்னே தனியா ஒரு மண்டபம் கட்டி வச்சிருக்காங்களாம். வெண்கலத் தகட்டுல மூஞ்சியைச் செதுக்கி மாட்டிருவாங்களாம். அப்புறம் ஆளு செத்தாலும் பேரு சாகாது. ஆனா நினைச்ச ஆளெல்லாம் அதுல ஏற முடியாது, ஓட்டெடுப்பு உண்டு. ஆட்டத்தை மட்டும் பாக்க மாட்டாங்களாம், ஆளோட குணத்தையும் பாப்பாங்களாம். மேனேஜர் அதைப் பாத்துட்டு வந்து, நம்ம பூப்பந்துக் கழகத்துலயும் அப்படி ஒண்ணு வைப்போம்னாரு. வெண்கலத்துக்கு நாங்க எங்க போக? போட்டோதான். கழகத்து ஹால்ல மேக்குப் பக்கச் சுவத்துல எட்டு ஆணி அடிச்சாரு. மேல பெயிண்டரை வச்சு எழுதுனாரு, ‘ஆட்டம், ஒழுக்கம், ஊர்ப்பற்று’ன்னு. முதல் ஆணியில முதல் படம் என்னோடது. மேனேஜர் கையாலயே மாட்டுனாரு. கேப்டன்கிறதுக்காக மாட்டுனாருன்னு சில பேரு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போறாங்க.

ஓட்டெடுப்பு எப்படின்னு கேளுங்க. ஏற்கெனவே சுவத்துல இருக்கிறவங்கள்ல உசுரோட இருக்கிறவங்கதான் ஓட்டுப் போடணும். வருஷம் ஒருக்க, மே தினத்தன்னைக்கு. மூலையில தட்டி மறைப்பு. அதுக்குள்ள ஒரு மண்பானை, வாயில துணி கட்டியிருக்கும், கை போற அளவுக்கு ஓட்டை. பக்கத்துல ஒரு சாக்குப்பை. ஒவ்வொருத்தர் கையிலயும் ரெண்டு பந்து குடுப்பாங்க. ஒண்ணு புதுசு, மஞ்சமஞ்சேர்னு இருக்கும். இன்னொண்ணு ஆடித் தேஞ்சு நூலெல்லாம் உதிர்ந்த பழைய பந்து. மொட்டைப் பந்துன்னு சொல்லுவோம். ஏத்தலாம்னா மஞ்சளைப் பானையில போடணும், வேண்டாம்னா மொட்டையைப் போடணும். மிச்சப் பந்து சாக்குப்பைக்கு. கடைசியில எல்லாருக்கும் முன்னாடி பானையைக் கவுத்துவோம். அத்தனையும் மஞ்சளா இருந்தா படம் ஏறும். ஒரே ஒரு மொட்டை இருந்தாலும் போச்சு, அடுத்த மே தினம் வரைக்கும் பேசக்கூடாது. நல்ல ஏற்பாடா இல்லையா? எனக்குப் பிடிச்ச ஏற்பாடு.

சரி, இப்ப இன்னாசிக்கு வருவோம்.

இன்னாசி. அவன் ஆடுனதை நீங்க பாத்திருக்கணும் தம்பி. இதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன், எனக்கு அதுல ஒண்ணும் குறைஞ்சிராது. இடதுகைக்காரன். பந்தை அறைய மாட்டான், தடவி விடுவான். அது வலைக்கு மேல வந்து அப்படியே நின்னு யோசிச்சுட்டு விழும். எதிராளி மட்டையை வீசி முடிச்ச பெறகு விழும். எங்க ஜில்லாவுலயே அப்படி ஒருத்தன் அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. முன்னாடி வலைகிட்ட அவனும் சோலையப்பனும் நிப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்த சேக்காளிக. ஒருத்தன் மூச்சு விட்டா இன்னொருத்தனுக்குத் தெரியும். பின்னாடி நடுவுல நான்.

எண்பத்தொண்ணு பொங்கலுக்கு ஒரு பெரிய போட்டி, பைனல்ஸ். மாநில டீமுக்கு ஆள் எடுக்கிறவங்க வந்து நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. எனக்கு முப்பத்தொண்ணு வயசு. அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு, அது எல்லாருக்கும் தெரியும். மூணாவது ஆட்டம். இருபத்தொம்பது பாயிண்ட்டு எடுத்தா ஜெயிச்சோம். அவங்க இருபத்தெட்டு, நாங்க இருபத்தேழு. அவங்க ஆளு ஒரு அடி அடிச்சான், பந்து இன்னாசி தோளுக்கு மேல பறந்து கோட்டுக்கு வெளிய ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்துச்சு. அம்பயர் அவுட்டுன்னு கையைக் காட்டிட்டாரு. சனம் விசிலடிக்குது. இவன், இந்தப் பாவி, அம்பயரைப் பாத்து இடது கையைத் தூக்குறான். ‘பட்டுச்சு சார்’ங்கிறான். என் மட்டையில பட்டுட்டுத்தான் போச்சு சார்ங்கிறான்.

யாரும் பாக்கலை தம்பி. அம்பயர் பாக்கலை, எதிராளி பாக்கலை, பின்னாடி நின்ன நானே பாக்கலை. பட்டுச்சாம். நூல்ல ஒரு நூல் உரசியிருக்கும். அதோட முடிஞ்சுது, இருபத்தொம்பது அவங்களுக்கு. எங்க கைக்கு வந்த கோப்பையை இவன் தூக்கிக் குடுத்துட்டான்.

என்ன? நாங்க இருபத்தேழுதானேன்னா? ஆமா. ஒரு பாயிண்ட்டு பின்னாடிதான் இருந்தோம். அது கணக்கு தம்பி, ஆட்டம் வேற. அதுக்கு முன்னாடி என் சர்வீஸ் ரெண்டு வலையில விழுந்துச்சு, அது வெயிலு. மேக்க பாத்து நிக்கிறவனுக்குச் சாயங்கால வெயில்ல என்ன தெரியும்? அதை யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா கையைத் தூக்கலைன்னா யாரு கேக்கப் போறா?

அதோட விட்டுச்சா. தோத்த டீம்ல இருந்து ஒரே ஒரு ஆளை மாநில டீமுக்கு எடுத்தாங்க. யாரைன்னு உங்களுக்கே தெரியும். நாற்காலியில இருந்தவரு எந்திரிச்சு வந்து அவன் கையைக் குலுக்குறாரு. ‘இப்படி ஒரு பையன்தான்யா வேணும்’னாரு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன், கேப்டன், பனியன் வேர்வையில நனைஞ்சு. என்னை ஒரு பார்வை பாக்கலை அந்த மனுசன். இன்னாசி ஆறு வருஷம் மாநிலத்துக்கு ஆடுனான், ரயில்வேயில வேலை குடுத்துக் கூப்பிட்டுக்கிட்டாங்க, தங்க மெடலு, பேப்பர்ல போட்டோ. நான் அதே ஆலையில அதே டைம் ஆபீஸ்ல ரிட்டயர் ஆனேன். பொறாமைன்னு நினைக்காதீங்க. எனக்கு அந்தக் குணமே கிடையாது. என் வீட்டுக்காரிகிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பா, பாவம், போய்ச் சேந்துட்டா.

சுவத்துல ஆணி அடிச்ச காலத்துல இன்னாசி வடக்க எங்கயோ வேலையில இருந்தான். ரிட்டயராகி ஊருக்கு வந்தான், ஒம்பது பத்து வருஷமாச்சு. வந்த அன்னைக்கே கழகத்து ஹாலுக்கு வந்துட்டான். ஏழு படமும் மாட்டியிருக்கு, எட்டாவது ஆணி சோலையப்பன் படத்துக்குப் பக்கத்துல காலியாக் கிடக்கு. அந்த ஆணியைப் பாத்துக்கிட்டே நின்னான். வாய்விட்டுக் கேக்கலை. அந்தக் கர்வம் உண்டு அவனுக்கு. ஆனா மனுசன் முகத்துல ஆசை எழுதி ஒட்டியிருந்துச்சு. மாநிலத்துக்கு ஆடுனவனுக்கு, தங்க மெடல் வாங்குனவனுக்கு, இந்த ஒரு ஆணி மேல அப்படி ஒரு ஆசை.

அந்த வருஷம் அவன் பேரை முன்மொழிஞ்சது யாரு? நான்தான். சிரிக்காதீங்க. கழகத்துக்கு நான்தான் தலைவர், நான் முன்மொழியலைன்னா யாரு முன்மொழியிறது? நல்லாத்தான் பேசுனேன். அவன் ஆட்டத்தைப் பத்தி பத்து நிமிஷம் பேசுனேன், சனம் கைதட்டுச்சு. அப்புறம் தட்டிக்குப் பின்னாடி போனேன், மொட்டையைப் போட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கிறீங்க? மேல என்ன எழுதியிருக்கு? ஆட்டம், ஒழுக்கம், ஊர்ப்பற்று. ஆட்டத்துக்கு நான் மார்க்கு குடுத்துட்டேன். ஊர்ப்பற்று எங்க? ஊரோட கோப்பையைத் தூக்கி அசலூருக்குக் குடுத்தவன். ஒழுக்கம்னா என்ன தம்பி? கூட ஆடுறவனைக் காட்டிக் குடுக்காம இருக்கிறதுதான் ஒழுக்கம். நான் சட்டப்படிதான் ஓட்டுப் போட்டேன்.

ஓட்டுப் போடுறவங்க அப்ப நாலு பேரு. நான். அய்யாத்துரைன்னு ஒருத்தரு, காது கேக்காது, இன்னாசி பேரை எழுதிக் காட்டுனாலே கண்ணு கலங்கிரும். சேவியர், அவரு இன்னாசி மகளுக்கு மாமனாரு. அப்புறம் சோலையப்பன். பானையைக் கவுத்துனா மூணு மஞ்சள், ஒரு மொட்டை. அய்யாத்துரையும் சேவியரும் போட்டிருக்க மாட்டாங்கன்னு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். முன்மொழிஞ்சவன் நானு. அப்ப யாரு?

இதுல ஒரு சங்கதி நடந்துபோச்சு. சோலைக்கு அப்பவே கைநடுக்கம். அவன் தட்டிக்குப் பின்னாடி போயிருந்தப்ப கையில இருந்து ஒரு பந்து நழுவி, தட்டிக்கு அடியில உருண்டு, ஹால் நடுவுல வந்து நின்னுச்சு. மொட்டை. அத்தனை பேரும் பாத்தாங்க. அவன் வெளிய வந்து, ‘இது சாக்குப்பைக்குப் போடுறதுப்பா’ன்னான். உண்மையாத்தான் சொல்றான். நான்தான் குனிஞ்சு எடுத்து அவன் கையில குடுத்தேன். ‘பரவாயில்ல சோலை, அவரவர் மனசு’ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். நல்ல வார்த்தைதான?

இன்னாசி அன்னைக்கு நேரா வீட்டுக்குப் போயிட்டான். சோலை அவன் வீட்டுக்கு ஓடிப் போயி, ‘டேய், நான் போடலைடா, எம்பிள்ளை மேல சத்தியம்டா’ன்னு சொல்லியிருக்கான். இன்னாசி கேட்டானாம், ‘பட்டா பட்டுச்சுன்னு சொல்ல வேண்டியதுதான சோலை’ன்னு. அதோட அந்தச் சேக்காளித்தனம் முடிஞ்சுது. ஒரே தெருவு, எதிரெதிர்ல வந்தா ஒருத்தன் வேற பக்கம் திரும்பிக்கிடுவான். திரும்புறது இன்னாசி. மத்தவன் நின்னு பாத்துக்கிட்டே இருப்பான்.

கோவில்பட்டி வந்துருச்சு போல. தம்பி, இதைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க, இறங்கி ஒரு பாக்கெட்டு கடலைமிட்டாய் வாங்கிட்டு வந்துருதேன். பாக்கப் போற வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாது. பேப்பரைப் பிரிச்சிராதீங்க, என்ன.

வந்துட்டேன். உங்க மடியிலயே இருக்கட்டும், எனக்கு முட்டி வலிக்குது.

எங்க விட்டேன்? ஆமா, சோலை. மூணாவது வருஷம் வந்து நின்னான். நான் தட்டிக்குப் பின்னாடி போகலை, எல்லாருக்கும் முன்னாடி மஞ்சப் பந்தைத் தூக்கிக் காட்டிட்டுப் பானையில போடுறேன்னான். கையி ஆடுது, பந்தோட சேந்து ஆடுது. பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்ல? ரகசிய ஓட்டுன்னா ரகசியம். காட்டிட்டுப் போட்டா செல்லாதுன்னுட்டேன். தலைவர்னா கறாரா இருக்கணும். அஞ்சாவது வருஷம், நான் வரவே இல்லைன்னு வீட்டுல உக்காந்துக்கிட்டான். வராதவர் ஓட்டு எதிர் ஓட்டுன்னு விதியில இருக்கு. மேனேஜர் எழுதுனது இல்ல, அது நான் பெறகு சேத்தது. ஆள் அனுப்பித் தெரியப்படுத்துனேன். அரக்கப்பரக்க சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஓடியாந்தான். அந்த வருஷமும் மொட்டை விழுந்துச்சு.

ஏழாவது வருஷம் இன்னாசி மக வந்தா எங்க வீட்டுக்கு. ஜெசிந்தா, டீச்சரா இருக்கா. தங்கமான பிள்ளை. ‘பெரியப்பா, அப்பாவுக்குச் சக்கரை கண்ணுல இறங்கிருச்சு. ஆஸ்பத்திரியில இன்னும் ஆறு மாசந்தான் பார்வை இருக்கும்னுட்டாங்க. அவரு வேற எதையும் கேக்கலை பெரியப்பா. அந்தச் சுவத்துல அவரு படத்தை ஒருக்க அவரு கண்ணால பாத்துட்டா போதும்’னு அழுகுறா. செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தேன் தம்பி, நான் கல்லு இல்ல. நான் என்னம்மா பண்ண முடியும், ஒருத்தன் மனசு வைக்கணுமேன்னேன். ‘சோலை மாமாவா?’ன்னா. நான் பேரைச் சொல்லலை. நீயே போய்ப் பெரியவங்க கால்ல விழுந்து கேளும்மான்னு மட்டும் சொன்னேன். பெரியவங்க கால்ல விழுகுறதுல என்ன தப்பு இருக்கு?

போயிருக்கா. சோலை வாசல்ல விழுந்திருக்கா. அவன் அவளைத் தூக்கி விடப் போயி, கை நிக்காம, அவனும் கீழ விழுந்து, ரெண்டு பேரும் மண்ணுல உக்காந்து அழுதிருக்காங்க. தெருவே நின்னு பாத்துருக்கு. அழுதான்னா குத்தம் பண்ணுனவன்தான அழுவான், அப்படித்தான் ஊரு பேசுச்சு. அந்த மே தினத்துக்கும் மொட்டை. ஆடி முடியுறதுக்குள்ள இன்னாசிக்கு ரெண்டு கண்ணும் போயிருச்சு.

பேசாம வாறீங்களே தம்பி. தூக்கமா? சன்னலைத் தொறந்து விடட்டுமா? இன்னும் கொஞ்சம்தான்.

போன ஐப்பசியில சோலை செத்துப்போனான். உக்காந்தபடியே, காப்பியைக் கையில வச்சுக்கிட்டு. நான் போயி மாலை போட்டேன். இன்னாசி வரலை. ஜெசிந்தா கூட்டியாறேன்னு சொல்லியும் வரலையாம். சோலை வீட்டம்மா கனகவல்லி வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, தூக்குற வரைக்கும். சோலை போனது மத்தவங்களை விட எனக்குத்தான் பெரிய இழப்பு. அதை நான் அந்தச் சமயத்துல உணரலை, மே மாசம் வந்தப்பதான் உறைச்சுது.

எப்படின்னு சொல்றேன். இந்த மே தினம். தட்டிக்குப் பின்னாடி நிக்கிறேன், ரெண்டு கையிலயும் பந்து. ஒம்பது வருஷப் பழக்கம், கை தானா மொட்டையைக் கொண்டு போகுது பானைக்கு. சட்டுன்னு நிறுத்துனேன். இப்ப ஓட்டுப் போடுறது மூணு பேருதான். காது கேக்காதவரு, சம்பந்தி, நானு. இதுல ஒரு மொட்டை விழுந்தா? அந்த இடத்துல சோலையை நினைச்சு ஒரு நிமிஷம் நின்னேன், பாவி, இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருக்கக் கூடாதான்னு. அப்புறம் மஞ்சளைப் போட்டேன்.

பானையைக் கவுத்துனோம். மூணும் மஞ்சள். ஹாலே ஆடிப்போச்சு! விசில் என்ன, கைதட்டு என்ன. பின்னால இருந்து ஒருத்தன் கத்துறான், ‘சோலையப்பன் போனான், மொட்டையும் போச்சு’ன்னு. பூராப் பேரும் ஆமா ஆமாங்கிறாங்க. எனக்கே அப்பதான் புரிஞ்சுது, அடடா, இப்படி ஒண்ணு இருக்கான்னு. நான் ஒரு வார்த்தை சொல்லலை. ஊரே சொல்லிருச்சு.

இன்னாசியைக் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தாங்க. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஜெசிந்தா தலையை வாரிவிட்டுருக்கா. அவன் படத்தை அவன் கையில குடுத்தோம். கண்ணாடியைத் தடவுறான், சட்டத்தைத் தடவுறான். ‘எந்தப் படம்மா இது?’ன்னு மககிட்டக் கேக்குறான். ‘இடது கையில மட்டையோட நிக்கிறீங்கப்பா’ன்னா. ‘சிரிக்கிறேனா?’ன்னு கேட்டான். அய்யாத்துரை ஓன்னு அழுதுட்டாரு. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துச்சு, மறைக்க வேண்டியது என்ன இருக்கு.

மாட்டப் போறப்ப கேட்டான், ‘எந்த ஆணி?’ன்னு. எட்டாவது ஆணி, சோலைக்குப் பக்கத்துலன்னு யாரோ சொன்னாங்க. அப்படியே படத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். ‘அவன் பக்கத்துல என்னை மாட்டாதீங்க’ன்னான். எட்டு ஆணிதான் இருக்கு. யாரை எங்க நகட்டுறது? முதல் ஆணியில இருக்கிற என்னையா நகட்ட முடியும்? அப்ப ஊர்க்காரங்கதான் சொன்னாங்க, கூட ஆடுனவனுக்கே துரோகம் பண்ணுனவனுக்கு அங்க என்ன வேலை, ஒழுக்கம்னு எழுதிப்போட்டு அதுக்குக் கீழ அவன் படமான்னு. தீர்மானம் போட்டோம். கையைத் தூக்கச் சொன்னோம். சேவியர் தூக்குனாரு, சனம் பூராத் தூக்குச்சு. நான் தலைவர், நான் முதல்லயே தூக்க வேண்டியதாப் போச்சு.

ஆமா தம்பி. சோலையப்பன் படந்தான். உங்க மடியில இருக்கிறது அவன்தான். இறக்கிப் பேப்பர் சுத்தி, நானே நேர்ல கொண்டுபோய்க் குடுத்துருதேன்னுட்டேன். வேற ஆளு கொண்டுபோனா வாய்க்கு வந்ததைப் பேசிட்டு வருவான், எதுக்கு? கனகவல்லி இப்ப மகன்கூடக் கயத்தாறுல இருக்கு.

இன்னொண்ணு சொல்லணும் உங்ககிட்ட. படம் மாட்டி முடிஞ்ச பெறகு இன்னாசி என் கையைப் பிடிச்சான். ரெண்டு கையாலயும் பிடிச்சான். ‘கேப்டன், வருஷா வருஷம் எனக்காகப் பேசுனது நீங்க ஒருத்தர்தான்’னான். அப்புறம் குரலை இறக்கி, ‘கேப்டன், சோலைதான? நிச்சயந்தான? நான் அவன் சாவுக்குக்கூடப் போகலை. அதான் கேக்குறேன்’னான். அந்தக் கண்ணு எங்கயோ பாக்குது, கை மட்டும் என் கையை விடலை. ஹால்ல யாரும் எங்களைக் கவனிக்கலை. நாங்க ரெண்டு பேருதான்.

நான் என்ன சொன்னேன்னா நினைக்கிறீங்க? ‘பானையில விழுந்ததை நீதான் கேட்டியே இன்னாசி’ன்னேன். பொய்யில்லையே? அவன் தலையை ஆட்டிக்கிட்டான், கையை விட்டுட்டான். அந்த இடத்துல அவனா இருந்திருந்தா கையைத் தூக்கியிருப்பான். பட்டுச்சுன்னு சொல்லி எல்லாத்தையும் கெடுத்திருப்பான். அதான் ஆரம்பத்துல இருந்து சொல்றேன், கையில ஆட்டம் இருந்துச்சே தவிர, அவனுக்கு ஆடத் தெரியாது.

கயத்தாறா? அந்தா, ஸ்டாப்பு தெரியுது. எந்திரிக்கணும், எந்திரிக்கணும். முட்டி பிடிச்சுக்கிருச்சு.

கனகவல்லிகிட்டப் போன்ல எல்லாத்தையும் போட்டு உடைக்கலை. எதுக்கு வயசான பொம்பளையை நோகடிக்கணும்? கழகம் மரியாதையா வீட்டுக்கே குடுத்தனுப்புதுன்னேன். ‘இன்னாசி அண்ணன் இந்த வருஷம் ஜெயிச்சாகளா அண்ணாச்சி?’ன்னு கேட்டுச்சு. ஆமாம்மா, ஒரு மொட்டைகூட இல்லைன்னேன். போன்லயே அழுதுருச்சு. ‘இப்பவாச்சும் ஊருக்குத் தெரிஞ்சுச்சே அண்ணாச்சி, அவுக சொன்னது நிசம்னு. அதான் மரியாதையா அனுப்புறாக’ன்னுச்சு. அது அப்படி எடுத்துக்கிருச்சு. நானும் ஊம்னு கேட்டுக்கிட்டேன். சந்தோசமா இருக்கட்டுமே, நமக்கு என்ன போச்சு.

அந்தா நிக்குது பாருங்க, புளியமரத்துக்குக் கீழ, நீலச் சேலை. சன்னல் சன்னலாத் தேடுது. கையில என்ன அது? அடேயப்பா, ரோஜாப்பூ மாலை! பெருசா வாங்கியிருக்கு. இதுக்கெல்லாம் எதுக்கும்மா செலவு பண்ணுற, நான் யாரு, வீட்டு ஆளு. ஆனா கேப்டனைச் சும்மா விட மாட்டாங்க தம்பி, எங்க போனாலும் இந்த மரியாதை உண்டு.

காலர் மடங்கியிருக்கா பாருங்க. சரியா இருக்கா? மாலை விழுகுறப்ப கழுத்துக்கு ஒழுங்கா இருக்கணும்.

அந்தப் படத்தைக் குடுங்க தம்பி. தம்பி, வண்டியை எடுத்துரப் போறான். என்னத்துக்கு அதை அப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க? குடுங்க.